மாப்பிள்ளை பார்க்கப் போன கூடைப்பந்து அணி

திருச்சி விமான நிலையத்துக்கு அதுவரை நான் போனதெல்லாம் பிறரை வழியனுப்பத்தான். தம்பி மஸ்கட்டுக்குப் போனபோது போனேன். என்னிடம் ஆடிய பெண்கள், தாலிக்கயிற்றில் மஞ்சள் காயும் முன்பே கணவன் இருக்கும் ஊருக்குக் கிளம்பியபோதெல்லாம் போனேன். கண்ணாடிக்கு வெளியே நின்று கையாட்டிவிட்டு, தஞ்சாவூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்துத் திரும்பி வருவேன். இந்த முறை கண்ணாடிக்கு உள்ளே நின்றது நான். என்னைச் சுற்றி நீல நிற டிராக் சூட்டில் பன்னிரண்டு பெண்கள், ஆளுக்கொரு புளியோதரைப் பொட்டலத்தோடு.

தஞ்சாவூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் நான் உடற்கல்வி இயக்குநர். கூடைப்பந்துப் பயிற்சியும் என் பொறுப்பு. பினாங்கில் ஒரு கல்லூரி நடத்திய பெண்கள் போட்டிக்கு எங்களை அழைத்திருந்தார்கள். கல்லூரி வரலாற்றில் எந்த அணியும் கடல் தாண்டியதில்லை. நானும் தாண்டியதில்லை.

இந்த வேலைக்கு நான் வந்த புதிதில் பெண்கள் பந்தைத் தொட்டதே உத்தியோகத்துக்காகத்தான். விளையாட்டு ஒதுக்கீட்டில் எல்லா இலாகாவிலும் ஆள் எடுத்த காலம் அது. நன்றாக ஆடினால் அரசாங்க வேலை என்று சொன்னால் போதும், குடவாசல் பக்கத்து விவசாயிகள்கூடப் பெண்ணை ஹாஸ்டலில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். பிறகு ஆள் எடுப்பது சுருங்கியது. தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்தது. 'வெளிநாட்டு மாப்பிள்ளை' என்ற சொல் வாய்க்கால் கரை வரைக்கும் வந்து சேர்ந்தது. முதல் வருடம் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுப்பேன். இரண்டாம் வருடம் ஆட்டம் பிடிபடும். மூன்றாம் வருடம் கல்யாணப் பத்திரிகையை நீட்டுவார்கள். சேர்ந்த அணி கலையாமல் மூன்றாம் வருடத்தை முடித்து நான் பார்த்ததே இல்லை.

கிளம்புவதற்கு முந்தின வாரம் அமுதாவின் அப்பா கல்லூரி வாசலில் வந்து நின்றார். அமுதா எங்கள் அணியின் பாயின்ட் கார்ட். பந்தை முன்னே கொண்டுபோய், யார் எங்கே ஓட வேண்டும் என்று குரல் கொடுத்து ஆட்டத்தை நடத்துபவள். இரண்டாம் வருட மாணவி. அப்பா சிங்காரவேலு தரங்கம்பாடிக்குத் தெற்கே ஒரு மீனவக் கிராமத்தில் மீன்பிடி போட்டில் கடலுக்குப் போகிறவர். சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தி வந்திருந்தார்.

"டீச்சர், பினாங்குலதான் நம்ம மாப்பிள்ளைப் பையன் இருக்கான். எங்கூட இருவது வருசமா கடலுக்கு வர்ற கூட்டாளியோட மவன். கம்பெனில சூப்பர்வைசரு. பேச்சு முடிஞ்ச மாதிரிதான். நாங்க யாரு அங்க போயிப் பாக்குறது? நீங்க ஒரு எட்டு பாத்துட்டு வந்து ஆளு எப்படின்னு சொல்லிப்புடுங்க."

"அமுதாவுக்குத் தெரியுமா?"

"பேச்சு நடக்குறது தெரியும். நீங்க பாக்கப்போறது தெரிய வேணாம். ஆட்டத்துல கவனம் செதறிடும் பாருங்க."

பெண்ணின் ஆட்டத்தில் அவ்வளவு அக்கறை உள்ள மனிதரிடம் எப்படி மறுப்பது? சரி என்றேன். கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவள் மாதிரி அன்றிலிருந்தே எனக்கு நிலைகொள்ளவில்லை.

பினாங்கு ஒரு தீவு. கரையிலிருந்து ஃபெர்ரியில் கடக்க வேண்டும். ஏறியதும் தலைகளை எண்ணினேன். ஒன்று குறைந்தது. விஜயாவைக் காணோம். பந்துப் பையும் அவளிடம்தான். இரும்புக் கதவு அதற்குள் ஏறிவிட்டது. கரையில் விஜயா பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏதோ ஒரு தின்பண்டக் கடையை வேடிக்கை பார்த்தபடி நிற்பது தெரிந்தது. பதினொரு பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள். பக்கத்தில் நின்ற சீனப் பெரியவர் காதைப் பொத்திக்கொண்டு யாரிடமோ எதையோ சொன்னார். "ஒரு பெண்ணை விட்டுவிட்டதற்கே இப்படி என்றால், இவர்கள் கப்பலே கவிழ்ந்தால் என்ன செய்வார்கள் என்கிறார்" என்று எங்களை அழைத்துப்போக வந்த மாணவி மொழிபெயர்த்தாள்.

மற்றவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அமுதா மட்டும் விளிம்பில் சாய்ந்து தண்ணீரைப் பார்த்தாள். "இதெல்லாம் கடலே இல்ல மிஸ். நம்ம வெண்ணாறு மாதிரி சும்மா கெடக்கு," என்றாள். அடுத்த ஃபெர்ரியில் விஜயா வந்தாள், வாயில் வறுத்த வாழைப்பழத்தோடு.

காலைச் சாப்பாடு தேங்காய்ப்பால் சோறு. ஓரத்தில் பொரித்த நெத்திலி, வேர்க்கடலை, கொஞ்சம் காரத் துவையல். அமுதா நெத்திலியைப் பொறுக்கித் தின்றுவிட்டு, "கருவாட்டுக்குப் போயி இவ்வளவு அலங்காரமா?" என்றாள். விஜயாவின் வீடு குடவாசல் பக்கம், நெல் விவசாயம். அவள் சோற்றை விரல்களால் நசுக்கிப் பார்த்தாள். தினமும் மாலையில் கொட்டும் மழையைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது. "எங்கப்பா ஆத்துல எப்ப தண்ணி விடுவாங்கன்னு மதகுலயே குந்தியிருக்காரு. இங்க பாருங்க மிஸ், கேக்க ஆளில்லாம ரோட்டுல ஓடுது."

முதல் ஆட்டத்தில் மண்ணைக் கவ்வினோம். மண் இல்லை, மரம். அங்கே தளம் முழுவதும் பளபளக்கும் மரப்பலகை. எங்கள் பெண்கள் ஆடிப் பழகியது சிமெண்டுத் தரை. அதிலும் பாதியில் இப்போது ஆசிரியர்களின் டூ-வீலர்கள் நிற்கின்றன. சிமெண்டில் தேய்ந்து வழவழப்பாகிப்போன கேன்வாஸ் காலணிகள் மரத்தில் வழுக்கிக்கொண்டே போயின. விஜயா வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்துக்குக் குதித்து, இறங்கி, அப்படியே வழுக்கிக்கொண்டு போய் எதிரணியின் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

நான் பக்கவாட்டுக் கோட்டின் ஓரம் நடந்துகொண்டே இருந்தேன். என்னால் உட்கார முடியாது. நடுவர் இரண்டு முறை நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்து, எழுந்து, மறுபடி நடந்தேன்.

இரண்டாம் ஆட்டத்துக்கு முன் அமுதா ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். நடுவர் விசில் அடித்து ஆட்டம் நிற்கும்போதெல்லாம் உள்ளூர்ப் பெண்கள் ஈரத்துணியில் காலணியைத் துடைத்துக்கொள்கிறார்கள். அவளும் ஹாஸ்டல் துண்டைத் தண்ணீரில் முக்கிப் பெஞ்சுக்கு முன்னால் விரித்தாள். ஒவ்வொருத்தியும் வாசலில் கால் துடைப்பதுபோல் துடைத்துவிட்டு உள்ளே போனாள். அந்த ஆட்டத்தை ஜெயித்தோம். அடுத்ததையும் ஜெயித்தோம்.

அன்று மாலை பெண்களைக் கடைத்தெருவுக்கு அனுப்பிவிட்டு மாப்பிள்ளையைத் தேடிப் போனேன். சிங்காரவேலு கொடுத்த எண்ணில் பேசியபோது எடுத்தவர் கம்பெனி பெயர் எதையும் சொல்லவில்லை. "சாப்பாட்டுக் கடை" என்றார். வழி கேட்டுப் பேருந்தில் ஏறினேன். அது என்னை ஒரு மலையடிவாரக் கோயிலில் கொண்டுபோய் இறக்கியது. ஓட்டுநர் மலாய் மொழியில் நிறையச் சொன்னார். தஞ்சாவூர் கண்டக்டராக இருந்தால் இந்நேரம் திட்டியாவது சரியான பஸ்ஸில் தள்ளிவிட்டிருப்பார். திரும்ப வந்து, இன்னொரு பேருந்து ஏறி, மழையில் நனைந்து, கடையைக் கண்டுபிடித்தேன்.

வாசலிலேயே ஒல்லியான ஒரு இளைஞன் இரண்டு தகரக் குவளைகளுக்கு நடுவே தேநீரை முழ நீளத்துக்கு இழுத்து ஆற்றிக்கொண்டிருந்தான். "கலைச்செல்வன்னு..." என்று ஆரம்பித்தேன்.

"நான்தாங்க," என்றான். கை நிற்கவில்லை. "தஞ்சாவூரு டீச்சருங்களா? அப்பா போன்ல சொன்னாங்க. உக்காருங்க, நனைஞ்சிருக்கீங்க."

நுரை ததும்பத் தேநீர் வந்தது. தட்டில் கிழித்துப் போட்ட ரொட்டியும் பருப்புக் குழம்பும் வந்தன. அவன் வேலைக்கு நடுநடுவே வந்து பேசினான்.

"சூப்பர்வைசர்னு சொல்லியிருப்பாங்களே?"

"ஆமா."

"ஏஜென்ட் அப்படிச் சொல்லித்தான் ஏத்தி விட்டாரு. வந்து பாத்தா இதுதான். வீட்டுல அப்பவே சொல்லிட்டேன். அவங்க வெளில சொல்லிக்கல. உங்ககிட்ட மறைக்க மனசு வரல."

மீசை சரியாக முளைக்காத முகம். கண்ணில் தூக்கக் கலக்கம். ஆனால் பேச்சில் வளைவு நெளிவு இல்லை. நான் கிளம்பியபோது, உள்ளிருந்து முதலாளி சத்தம் போடப் போட, குடையை எடுத்துக்கொண்டு நிறுத்தம் வரை வந்தான். ஓட்டுநரிடம் மலாயில் நான் இறங்க வேண்டிய இடத்தைச் சொன்னான். பேருந்து நகரும் வரை மழையில் நின்றான். அந்த ஊரில் நான் வழி தவறாமல் போய்ச் சேர்ந்த ஒரே பயணம் அதுதான். ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆள் மோசமாக இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். மோசமாக இருந்திருந்தால் என் வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இல்லை. போட்டியை நடத்திய கல்லூரியின் பயிற்சியாளர் மேடம் லிம், ஐம்பது வயதைத் தாண்டிய சீனப் பெண்மணி, காலையில் என்னைத் தன் காரில் அழைத்துப் போனார். ஒரு பள்ளி மைதானத்தில் பெண்கள் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். நரைத்த தலைகள், பெருத்த இடுப்புகள். ஒருத்தியின் பேரக்குழந்தை கோட்டுக்கு வெளியே தள்ளுவண்டியில் தூங்கியது.

"எல்லாரும் என்னிடம் படித்தவர்கள். கல்லூரி முடிந்தும் விடவில்லை," என்றார் ஆங்கிலத்தில். பிறகு கேட்டார். "உங்கள் மாணவிகள் படிப்பு முடிந்த பிறகு எங்கே ஆடுகிறார்கள்?"

"ஆடுவதில்லை."

"அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் யாரோடு ஆடுவீர்கள்?"

அவர் ஒரு ஜோடிக் காலணியை நீட்டினார். சேலையை மாற்றிக்கொண்டு இறங்கினேன். பயிற்சி கொடுக்க விசில் ஊதியிருக்கிறேனே தவிர, ஆட்டம் என்று ஆடி எத்தனை காலம் ஆகியிருந்தது! மூச்சு வாங்கியது, முட்டி வலித்தது. ஒரு பந்தைக் கூடையில் போட்டபோது யாரென்றே தெரியாத ஒரு கிழவி முதுகில் ஓங்கித் தட்டினாள். அன்று முழுவதும் அந்த இடம் எரிந்தது. இரவு கட்டிலில் படுத்த பிறகும் என் கால்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

இறுதி ஆட்டம் லிம்மின் அணியோடு. கலைச்செல்வன் முதலாளியிடம் எப்படியோ அனுமதி வாங்கிக்கொண்டு, கடைச் சட்டையோடே வந்து கதவோரம் நின்றான். நான் யாரிடமும் சொல்லவில்லை. அமுதா அன்று ஆடிய ஆட்டத்தை நான் வேறெந்தப் பெண்ணிடமும் பார்த்ததில்லை. பந்து அவள் கையில் இல்லாதபோதும் ஆட்டம் அவள் கையில்தான் இருந்தது. "விஜயா உள்ள! லதா விலகு! ஓடு, ஓடு!" என்று அவள் போட்ட சத்தம் கூரையில் மோதித் திரும்பியது.

கடைசிக் கட்டத்தில், அவள் பின்னால் பதுங்கி வந்த ஒருத்தி பந்தைத் தட்டப் பார்த்தாள். "அமுதா, பின்னால!" என்று கதவோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அவள் திரும்பாமலே பந்தை விஜயாவிடம் தள்ளினாள். விஜயா போட்டாள். ஆனாலும் இரண்டு புள்ளிகளில் தோற்றோம். பெண்கள் அழுதார்கள். லிம் எங்கள் பெஞ்சுக்கு வந்து அமுதாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

வெளியே கலைச்செல்வன் காத்திருந்தான்.

"டீச்சர், ஊருல போயி என்னப் பத்தி நல்லவிதமா சொல்லாதீங்க."

எனக்குப் புரியவில்லை.

"குடிக்கிறான்னு சொல்லுங்க. அது ஒண்ணு போதும், மாமா அடுத்த வார்த்த பேச மாட்டாரு."

"ஏன்ப்பா?"

"அந்தப் பொண்ணைக் கட்டி எங்கம்மாகிட்ட விட்டுட்டு நான் இங்க வந்துருவேன். ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா போயிப் பாப்பேன். எங்கண்ணி அப்படித்தான் இருக்கு. எஸ்.டி.டி. பூத்துல நின்னு அழுவும், பின்னால நிக்கிறவங்க அவசரப்படுத்துவாங்க. இந்தப் பொண்ணு இப்ப ஓடுனதைப் பாத்தேன். இதைக் கொண்டுபோயி அந்த பூத்துல நிறுத்த எனக்கு மனசில்ல."

"அப்ப நீயே வேணாம்னு சொல்லேன்."

"நான் வேணாம்னா பொண்ணுகிட்ட என்ன குறைன்னு ஊரு கேக்கும். எம்பேரு கெட்டாப் பரவால்ல டீச்சர். ஆம்பளைக்கு அது கழுவினாப் போயிரும்."

சொல்லிவிட்டுக் கடைக்கு ஓடினான். நான் அங்கேயே நின்றேன். ஒரே ஒரு பொய். பையனே கேட்ட பொய். சொன்னால் அடுத்த வருடமும் அமுதா என் அணியில் இருப்பாள். அன்று முழுக்க அந்தப் பொய்யைப் பல விதமாகச் சொல்லிப் பார்த்தேன். சாப்பிட உட்கார்ந்தால் எழுந்தேன். படுத்தால் எழுந்தேன்.

திரும்பும் ஃபெர்ரியில் அமுதாவே கேட்டாள். "மிஸ், தமிழ்ல கத்துனாரே, யாரு அது?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டீக்கடை, குடை, அண்ணி, குடி என்று சொல்லச் சொன்னது, ஒன்று விடாமல். சூப்பர்வைசர் டீ ஆற்றுகிறார் என்றதும் முதலில் சிரித்தாள். கடைசியில் அவள் முகம் சிவந்துவிட்டது.

"எனக்காக அவரு ஏன் மிஸ் குடிகாரர் ஆவணும்? நான் வேணாம்னா நான் சொல்லணும்."

"வேணாமா? நல்ல பையன் அமுதா. அதையும் சொல்லிடறேன்."

"நல்லவருதான். ஆனா நான் இன்னும் ஆடி முடிக்கல மிஸ்." கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தாள். "அப்பாகிட்ட நானே சொல்றேன். நீங்க பக்கத்துல மட்டும் இருங்க."

ஊர் திரும்பிய சனிக்கிழமை அவளோடு பஸ் ஏறினேன். வழியெல்லாம் சம்பா நடவு. தண்ணீர் வந்துவிட்டிருந்தது. வயல்களுக்கு நடுவே புதிதாக ஒரு எஞ்சினியரிங் கல்லூரி, பெயின்ட் வாசனை போகாமல் நின்றது. அமுதாவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஒத்திகை பார்க்கிறாள் என்று தெரிந்தது.

சிங்காரவேலு வீட்டில் எனக்காக வஞ்சிரக் குழம்பு கொதித்தது. நாற்காலி போட்டார்கள். அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"ஆளு எப்படி டீச்சர்?"

"நல்ல பையன். ஆனா சூப்பர்வைசர் இல்லைங்க. சாப்பாட்டுக் கடைல டீ போடுறாரு. அவரா ஒளிக்காம சொன்னாரு. குடி, கெட்ட பழக்கம் எதுவும் இல்ல."

பொய்யான உத்தியோகம் என்றதும் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, டீக்கடைன்னா என்ன? நான் மட்டும் கலெக்டரா? உள்ளதை உள்ளபடி சொன்னான் பாருங்க, அவன் மனுசன். முடிச்சிருவோம்."

அமுதாவைப் பார்த்தேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூரை அதிரக் கத்தியவள் தொண்டையிலிருந்து காற்றுகூட வரவில்லை. நான் பேசிவிடலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆட்டம் நடக்கும்போது பயிற்சியாளர் கோட்டைத் தாண்டி உள்ளே போகக் கூடாது. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருப்பது எவ்வளவு கடினமான வேலை என்று அன்றுதான் தெரிந்தது.

"அப்பா," என்றாள் அமுதா. "நான் இப்பக் கட்டிக்கலப்பா. அவரு மேல குறையில்ல. படிச்சு முடிக்கிறேன். ஆடுறேன். போலீசுல ஆளெடுக்குறப்ப போயி நிக்கிறேன். அப்புறம் பேசுங்க."

அடுப்படியிலிருந்து அவள் அம்மா கரண்டியோடு வந்தார். மகளை விட்டுவிட்டு என்னிடம் திரும்பினார். "உங்களுக்கு ஆடுறதுக்கு ஆளு வேணும். அதுக்கு எம்பொண்ணுதான் கெடைச்சாளா? நாளைக்கு இவளுக்கு வயசு ஏறிப்போனா நீங்களா வந்து நிப்பீங்க?"

எனக்கு ஆள் வேண்டும் என்பது உண்மைதான். "வந்து நிப்பேங்க," என்றேன். வேறு என்ன சொல்வது?

சிங்காரவேலு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நான் உங்கள மாப்பிள்ளையப் பாத்துட்டு வரச் சொன்னேன். நீங்க எம்பொண்ணைப் பாத்துட்டு வந்திருக்கீங்க."

கோபமா, வருத்தமா, குரலில் தெரியவில்லை. ஆணியில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு கூட்டாளி வீட்டுக்குப் போனார். குழம்பு அடங்கிப்போய் ஏடு கட்டியது. யாரும் சாப்பிடவில்லை. தெருக்கோடியில் ஆண்களின் சத்தம் உயர்ந்து, தணிந்து, மறுபடி உயர்ந்தது. அமுதா எழுந்தாள். வேண்டாம் என்று நான் தலையசைத்தேன். உட்கார்ந்தாள்.

அவர் திரும்பி வந்தபோது சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்திருந்தது. தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"சொல்லிட்டேன். பையன் மேல தப்பில்ல, எம்பொண்ணு படிக்கணும்னு சொல்றா, வாக்கு மாறினது நான்தான்னு சொல்லிட்டேன்." செம்பைக் கீழே வைத்தார். "நாளைலேருந்து நானும் கூட்டாளியும் ஒரே போட்டுல போறதில்ல. வேற போட்டு பாத்துக்கணும்." பிறகு மனைவியைப் பார்த்து, "டீச்சருக்குச் சோறு போடு. பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்றார்.

அமுதாவின் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டே பரிமாறினார். ஆனால் நடுத்துண்டு மீனைத்தான் என் தட்டில் வைத்தார். முழுக்கச் சாப்பிட்டேன்.

பஸ் கிளம்பியபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. நிறுத்தத்துக் கடையோரம் சிங்காரவேலு நின்றிருந்தார். கை ஆட்டவில்லை. நானும் ஆட்டவில்லை. ஒரு பெண்ணின் வீட்டுக்கு வந்துவிட்டு, பத்திரிகை இல்லாமல் திரும்புவது எனக்குப் புதிது. சந்தோஷப்படலாமா என்று தெரியவில்லை. இருபது வருடச் சிநேகம் ஒன்று அறுந்து கிடந்தது. அந்த அம்மாவுக்கு நான் கொடுத்த வாக்கு ஒன்றும் இருந்தது.

பின்னாலிருந்து யாரோ பஸ்ஸைத் தட்டினார்கள். ஜன்னலுக்கு வெளியே அமுதா, தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ்ஸுக்குச் சமமாக ஓடி வந்தாள்.

"மிஸ்! திங்கக்கெழம ப்ராக்டிஸ் காலையிலயா, சாயங்காலமா?"

தலையை வெளியே நீட்டினேன். கண்டக்டர் அதட்டினார்.

"ரெண்டு வேளையும்!" என்று கத்தினேன்.